நிலைகொள்ள முப்பது நாள்

ஓரின் டெட்ரிக் மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் இருந்தார். தப்பு தன்னுடையதுதானா என்பது மட்டும் உறுதியாகத் தெரியவேண்டியிருந்தது. அதற்கு ஒரு டப்பா தேவைப்பட்டது. கட்டைவிரல் பருமனில், உள்ளே எண்ணெய் நிரப்பி, ஈயம் வைத்து அடைத்த தகர டப்பா. அதைச் செய்துகொண்டிருந்த ஹால்வர்சன் கம்பெனியை இழுத்து மூடி இருபது வருஷம் ஆகிவிட்டது. மகள் லோர்னாவோ தொண்ணூறு மைல் தள்ளி, ஃபோர்ட் வேய்னில், ஈரல் புற்றுநோயோடு படுத்திருந்தாள்.

கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் ஓஹாயோவின் அந்தப் பக்கத்தில் மின் அளவுக் கருவிகளைச் சரிபார்த்தே வயதாகிப்போன மனிதர்களோடு பழகியவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. இன்றைக்குக் குளிர் அதிகம் என்று சொன்னால், எந்த வெப்பமானி, அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்கிற கூட்டம் அது. ஒரு எண் கையில் இல்லாமல் வாயைத் திறப்பது அவர்களுக்கு அவமானம். அந்தக் கூட்டத்திலும் ஓரின் கொஞ்சம் முற்றிய கேஸ்.

பிக்வா ஊரில், வீட்டை ஒட்டிய கொட்டகையில், முப்பத்தைந்து வருஷம் கேலிபரேஷன் கூடம் நடத்தியவர் அவர். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் மீட்டர்கள் வருஷத்துக்கு ஒரு முறை அவரிடம் வரும். அவை காட்டுவது சரியா என்று பார்க்க, அவற்றைவிடச் சரியான ஒன்று வேண்டுமல்லவா? அதுதான் ஹால்வர்சன் பெட்டி; உள்ளே இருந்து அந்த அளவைப் பிடித்து வைத்திருப்பது அந்த எண்ணெய் டப்பா. பத்து வோல்ட் என்றால் துல்லியமாகப் பத்து வோல்ட் கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ஓரினிடம் அப்படி இரண்டு பெட்டிகள். ஒரே வாரத்தில் வாங்கியவை. ஒரு முறை அணைந்தால் அளவை நம்பமுடியாது என்பதால், அவற்றை அவர் அணைத்ததே இல்லை. மனைவி ஃபெர்னை அடக்கம் செய்த அன்று புயலில் மின்சாரம் போனபோதும், கோட்டுகூடக் கழற்றாமல் போய்ப் பாட்டரி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தவர்களுக்குக் காபி ஊற்றினார்.

சண்டை நடந்து பதினொரு வருஷம். அப்போது லோர்னா அவரோடுதான் வேலை செய்தாள். தன் சம்பளத்தில் வேறொரு கம்பெனிப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு வருஷம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். அப்பாவின் பெட்டிகள் இரண்டுமே பத்து லட்சத்தில் முப்பத்தொரு பங்கு நழுவிப்போயிருக்கின்றன என்று ஒரு நாள் வரைபடத்தோடு வந்து நின்றாள்.

பத்து லட்சத்தில் முப்பத்தொன்று என்பது நமக்கெல்லாம் தூசு. அவர்களுக்கு அது குடிமுழுகுகிற விஷயம். மூலப்பெட்டி தவறு என்று தெரிந்தால், அதை வைத்துச் சரிபார்த்த ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், உங்களுக்குக் கொடுத்த அளவு தப்பு என்று கடிதம் எழுதவேண்டும். தொழில் வழக்கம் அப்படி. ஊரைக் கூட்டி வைத்துத் தலைகுனிவதுபோலத்தான்.

"அறுபத்திமூணு பேருக்கும் டைப் பண்ணி வச்சிட்டேம்பா. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றாள் லோர்னா.

"எதுக்கு? ரெண்டு பெட்டியும் பதிமூணு வருஷமா ஒண்ணுக்கொண்ணு மயிரிழை மாறல. உன்னோடது ஒண்ணுதான் தனியா நிக்குது. எது தப்புன்னு இதுல தெரியலையா?"

"ரெண்டும் ஒரே வாரத்துல வந்ததுப்பா. உள்ள இருக்கற டப்பா ரெண்டும் ஒரே ஈடுல செஞ்சது, எட்டாம் நம்பர் ஈடு. அந்த அடைப்பு கசிஞ்சா ரெண்டும் சேந்தே நழுவும். சேந்து நழுவுனா ஒண்ணாத்தானே காட்டும்?"

அந்த இடத்தில் அவர் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. பக்கத்து ஊரான லைமாவிலிருந்து மீட்டர்களை எடுத்துப்போக வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது ஓரினின் கண்ணை மறைத்துவிட்டது.

"வாங்கிட்டுப் பனியில கார்ல கொண்டுவந்தப்ப உன் பெட்டியோட பாட்டரி செத்துப்போச்சு. அதச் சொல்லத் தைரியமில்லாம மறைச்சிட்டு, இப்ப நம்பர் எழுதிக் கொண்டுவந்து என் பெட்டியக் குறை சொல்றே."

வேறு எந்த வீட்டிலும் இது ஒரு பெரிய வசவில்லை. அந்தத் தொழிலில் ஒருவரைப் பார்த்து, செத்த பாட்டரியை மறைத்தாய் என்று சொன்னால், திருடி என்று சொன்னது மாதிரி. லோர்னா வரைபடத்தை மேஜைமேல் வைத்தாள். தன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். கடிதங்களை ஓரின் கிழித்துப் போட்டார். வரைபடத்தைக் கிழிக்கவில்லை. எண்கள் எழுதிய காகிதத்தைக் கிழிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அதற்கப்புறம் அவள் கல்யாணத்துக்கு இவர் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு அவளிடமிருந்து ஒரு அட்டை வரும், பெயர் மட்டும் எழுதி. ஓரின் கூடத்தை மூடிவிட்டு ஓய்வு பெற்றார். பெட்டிகள் இரண்டும் கொட்டகையில் ஓடிக்கொண்டேயிருந்தன. மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை, மருமகன் டோபின் போன் செய்தான். பள்ளி பஸ்களைப் பழுதுபார்க்கிறவன். அதிகம் பேசத் தெரியாதவன்.

"ஓரின், லோர்னாவுக்கு உடம்பு சரியில்ல. ஈரல்ல வந்திருக்கு. செப்டம்பர் வரைக்கும் இருப்பான்னு டாக்டர் சொல்றார். வந்து பாருங்க."

"அவ வரச் சொன்னாளா?"

"வந்தா வேண்டாம்னு சொல்லமாட்டா."

போனை வைத்தபிறகு ஓரின் சமையலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போகவேண்டும். போனால் அந்தப் பேச்சு வரும். வரும்போது வெறுமனே, ஏதோ தப்பாகியிருக்கலாம் என்று இழுத்தால், அது அவளை இன்னொரு முறை அவமானப்படுத்துவது. அவள் சொன்னது சரியென்றால் சரி என்று எண்ணோடு சொல்லவேண்டும். வேறு ஈட்டில் செய்த டப்பா ஒன்று கிடைத்தால் போதும். அதை ஒரு பெட்டியில் மாற்றி வைப்பார். அதன்பிறகும் இரண்டு பெட்டிகளும் ஒத்துப்போனால் அவர் சொன்னது சரி. விலகினால் லோர்னா சொன்னது சரி. செப்டம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று கணக்குப்போட்டார்.

ஏப்ரல் முழுக்கத் தேடினார். பழைய கருவிப் பித்தர்களின் மின்னஞ்சல் குழுக்களில் எழுதிப் போட்டார். ஜெர்மனியிலிருந்து ஒருவர் அன்போடு ஒன்றை அனுப்பினார்; திருப்பிப் பார்த்தால் அடியில் அதே எட்டு. ஆரிகனில் ஒருவரிடம் பதினொன்றாம் ஈட்டு டப்பா இருந்தது. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிக்குள் இருக்கிறது, உயிரோடிருப்பதை அறுக்கமாட்டேன் என்று எழுதிவிட்டார். ஓரினுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார்.

மே மாதத்தில் கண்காட்சி மைதானத்தில் ரேடியோக்காரர்களின் பழம்பொருள் சந்தை கூடியது. புல்வெளியில் வரிசையாக வண்டிகள், வண்டிகளின் பின்னால் மேஜைகள், மேஜைமேல் செத்துப்போன கிழவர்களின் கொட்டகைகளிலிருந்து வந்த சாமான்கள். ஓரினின் நாற்பது வருஷத்துச் சிநேகிதர் மெர்ல் ஒரு கூடாரத்தின் கீழே கால்நீட்டி உட்கார்ந்து சாசேஜ் தின்றுகொண்டிருந்தார்.

"வாடா ஓரின். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, டப்பா இன்னும் கெடைக்கல."

"கெடைக்கல."

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. நல்லா அடைச்சது, கசியவே கசியாது. உள்ள சூரை மீன் இருக்கும், பரவாயில்லையா?"

ஓரின் சிரிக்கவில்லை. மெர்ல் சாசேஜைக் கீழே வைத்தார்.

"பொண்ணப் போய்ப் பாத்தியா?"

"இல்ல."

"ரெண்டு மாசமாச்சேடா! எதுக்குக் காத்துக்கிட்டிருக்கே?"

"அதான் சொன்னேனே. டப்பா."

"அட மடையா, அளவுதான் வேணும்னா பெட்டியத் தூக்கிப் பெரிய லேப் எதுக்காவது அனுப்பு. ஒரு வாரத்துல சொல்லிடுவான்."

"இன்னைக்கு எவ்வளவுன்னு சொல்லுவான். ஏன் நழுவுச்சுன்னு சொல்லமாட்டான். டப்பாதான் காரணம்னு அவ சொன்னா. நான் அவளப் பொய்க்காரின்னு சொன்னேன். டப்பாவ மாத்தித்தான் அதப் பாக்க முடியும்."

மெர்ல் அவரை உற்றுப் பார்த்தார். "உனக்கு நம்பர் வேணும். அவளுக்கு அப்பன் வேணும். ரெண்டும் ஒரே கடையில விக்கறதில்லடா."

"நான் என்ன, போகமாட்டேன்னா சொல்றேன்?"

"சொல்லல. அதான் பயமா இருக்கு." மெர்ல் பெருமூச்சு விட்டு ஒரு காகிதத்தில் முகவரி எழுதிக் கொடுத்தார். "வெண்டல் கிரான்ஸ் ஞாபகமிருக்கா? போன வருஷம் போயிட்டான். ஹால்வர்சன் மூடினப்ப ஸ்டோர் ரூமையே அள்ளிட்டு வந்தவன். பொண்டாட்டி ஐடெல்லா அர்பானாவுல இருக்கா. இப்ப தங்கச்சி வீட்டுக்கு மிச்சிகன் போயிருக்கா, ஜூன் பத்துக்கு மேலதான் வருவா. கேட்டுப் பாரு."

இங்கேயும் அவர் யோசித்திருக்கவேண்டிய ஒரு இடம் இருந்தது. ஜூன் பத்து வரை மூன்று வாரம் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. தொண்ணூறு மைல் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஓரின் அந்த மூன்று வாரமும் மேஜையைச் சுத்தம் செய்து, பழைய கம்பிகளை மாற்றி, பற்றவைக்கும் கோலுக்குப் புது முனை போட்டு வைத்தார்.

ஐடெல்லா கிரான்ஸ் வாட்டசாட்டமான அம்மாள். ஜூன் பன்னிரண்டாம் தேதி அவரைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைத் திறந்து, இடுப்பில் கைவைத்துப் பெருமையாக நின்றார். "பாருங்க. அவர் இருந்தப்ப இங்க கால் வைக்க முடியாது. எல்லாத்தையும் நானே ஒழுங்குபண்ணி வச்சிட்டேன்."

ஓரின் லேபிள் ஒட்டிய அட்டைப்பெட்டிகளைத் தேடினார். ஒன்றுகூட இல்லை. அலமாரி முழுக்க மஃபின் சுடும் தட்டுகள். அவற்றின் குழிகளில் கருவிப் பாகங்கள், உருண்டையானவை ஒரு பக்கம், நீளமானவை ஒரு பக்கம், பளபளப்பானவை தனியாக.

"அந்தப் பெட்டிங்க மேல ஏதாவது எழுதியிருந்துச்சாம்மா?"

"அதெல்லாம் எலிப் புழுக்கை. லேபிளோட தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

மூன்று மணி நேரம் மண்டியிட்டுத் தேடினார். ஐடெல்லா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்தபடி வேடிக்கை பார்த்தார். கடைசியில் பளபளப்பானவற்றின் தட்டில், சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில், அது கிடைத்தது. அடியில் பதினொன்று என்று பொறித்திருந்தது. ஓரின் அதைச் சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்படி என்னங்க அது? தங்கமா?"

யாரிடமும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் அவர் சொன்னார். "என் பொண்ணுகிட்ட பதினோரு வருஷமா பேச்சில்ல. நான் மன்னிப்புக் கேக்கணுமா வேண்டாமான்னு இதுதான் சொல்லணும்."

ஐடெல்லா டம்ளரைக் கீழே வைத்தார். "இதுவா சொல்லணும்?"

"ஆமா."

"எடுத்துட்டுப் போங்க. எனக்கு எதுவும் தரவேண்டாம். சீக்கிரம் போங்க" என்றார், ஏதோ கெட்ட காற்று உள்ளே வந்துவிட்டது போலக் கதவைப் பார்த்துக்கொண்டு.

ஜூன் பதினான்கு, சனிக்கிழமை. காலையில் முதல் பெட்டியை, இருபத்துநான்கு வருஷத்தில் முதல் முறையாக, அணைத்தார். பழைய டப்பாவை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்து, டப்பாவின் மேல் பொறித்திருந்த தொழிற்சாலை எண்ணுக்குத் தக்கபடி சரிசெய்து, மதியம் பன்னிரண்டு மணிக்கு மறுபடி உயிர் கொடுத்தார். இரண்டு பெட்டிகளையும் எதிரெதிராக இணைத்து நடுவில் முள்மீட்டர் ஒன்றை வைத்தார். ஒத்துப்போனால் முள் நடுவில் நிற்கும்.

முள் நடுவில் நிற்கவில்லை. மெதுவாக நகர்ந்து நகர்ந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஐம்பத்தெட்டில் போய் நின்றது. கம்பிகளை இடம் மாற்றிப் பார்த்தார். அந்தப் பக்கமும் ஐம்பத்தெட்டு. கோப்பிலிருந்து லோர்னாவின் வரைபடத்தை எடுத்து விரித்தார். முப்பத்தொன்றோடு அவள் நிறுத்தியிருக்கவில்லை. இப்படியே கசிந்தால் இனி வரும் வருஷங்களில் எவ்வளவு ஆகும் என்று பென்சிலால் புள்ளிக்கோடு போட்டிருந்தாள். இந்த வருஷத்துக்கு நேரே விரலை வைத்து மேலே கொண்டுபோனார். ஐம்பத்தெட்டுக்கு ஒரு நூல் கீழே வந்தது.

"லோர்னா" என்றார் வாய்விட்டு. அப்புறம் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். எழுபத்துநான்கு வயதுக்காரர் அழுகிற அழுகையா அது! மூக்கொழுக, தோள் குலுங்க, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பிறகு முகம் கழுவி, நல்ல சட்டை ஒன்றை மாட்டி, கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். காரில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார்.

பிறகு அணைத்தார்.

புதிதாக மாற்றிய பாகம் நிலைகொள்ள முப்பது நாள் வேண்டும். அதுவரை அது காட்டும் எண்ணை எண் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அவருடைய கூடத்தின் விதிப்புத்தகத்தில் அவரே எழுதிய விதி அது. இருபத்தெட்டாம் நாள் கையெழுத்துப் போட்டதற்காக ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அந்த விதியை டைப் அடித்துக் கொடுத்தவளே லோர்னாதான். ஆறு மணி நேரத்து எண்ணோடு போய் நின்றால், எத்தனை நாள் ஓடவிட்டீங்கப்பா என்றுதான் முதலில் கேட்பாள். அவள் நம்பரைப் பொய் என்று ஏசியவர், அவசர நம்பரோடு போய் நிற்பதா? இந்தத் தடவையாவது முழுசாக, மறுக்க முடியாதபடி, கையெழுத்திட்ட சான்றிதழாகக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கவேண்டும் என்று நினைத்தார்.

இப்படியெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எல்லாம் சரிதான். ஆனால் அடியில் இருந்தது பயம். அவள் முகத்தைப் பார்க்கிற பயம். முப்பது நாள் என்ற விதி அவருக்குச் சௌகரியமாகக் கிடைத்த ஒளிவிடம். அது தெரியாத அளவுக்கு அவர் முட்டாளும் இல்லை, தெரிந்ததைத் தனக்கே ஒப்புக்கொள்கிற அளவுக்குத் தைரியசாலியும் இல்லை.

தினமும் காலை ஒன்பதுக்கு முள்ளைப் பார்த்து எழுதினார். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு. ஒரு நாள் மழையில் ஐம்பத்தேழரை. மறுநாள் மறுபடி ஐம்பத்தெட்டு. மகளுக்கு என்ன சொல்லவேண்டும் என்பதையும் பக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, அடித்து, எழுதிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் டோபின் போன் செய்தான்.

"ஓரின், ஜூலை நாலுக்கு வாங்களேன். பெருசா ஒண்ணுமில்ல, கொஞ்சம் கறி சுடுவோம், அவளைத் தோட்டத்துல உக்காத்தி வைப்போம். ரொம்ப மெலிஞ்சிட்டா."

"பதினாலாம் தேதி வர்றேன். ஜூலை பதினாலு. நிச்சயமா."

"அதுக்கு முன்னாடி வரமுடியாதா?"

"ஒரு வேலை முடியணும். லோர்னாவுக்காகத்தான். வந்து சொல்றேன்."

பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. "வர்றாராம், பதினாலாம் தேதி" என்று டோபின் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னான். அந்தக் குரல் என்ன சொன்னது என்று ஓரினுக்குக் கேட்கவில்லை. போனை அவகிட்ட கொடு என்று கேட்க வாய் வரை வந்தது. இன்னும் பதினெட்டு நாள்தானே என்று விட்டுவிட்டார்.

டாக்டர் செப்டம்பர் என்று சொன்னார். டாக்டர்கள் சொல்கிற கணக்குக்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி காலை எட்டரைக்கு, ஓரின் கொட்டகைக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது.

"போயிட்டா ஓரின்" என்றான் டோபின். "விடியக்காலம். தூக்கத்துலயே."

ஓரின் போனை வைத்தார். கொட்டகைக்குப் போனார். மணி ஒன்பது வரை முள்ளுக்கு முன்னால் நின்றார். இருபத்தைந்தாம் நாள்: ஐம்பத்தெட்டு. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. எழுதியதைப் பார்த்தபிறகுதான் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை அடக்கம். மெர்ல்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நான் சொன்னேனே என்று வழியில் அவர் சொல்லவில்லை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறி சாண்ட்விச்சும் சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கும் வைத்திருந்தார்கள். லோர்னாவின் சிநேகிதிகள் ஓரினைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் விலகினார்கள். எல்லோரும் போனபிறகு டோபின் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோனான். மெர்ல் வெளியே காரிலேயே இருந்துகொண்டார்.

சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டோபின் காபி ஊற்றினான். ஓரின் கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார். மேலே கூடத்தின் பெயர். நடுவில் இரண்டு வரிசையில் தேதிகளும் எண்களும். கீழே, மூலப்பெட்டிகள் இரண்டும் தவறு, லோர்னா டெட்ரிக் கண்டறிந்தது சரி என்று ஒரு வரி. அதற்குக் கீழே கையெழுத்து, இருபத்தெட்டாம் நாள் தேதியோடு.

"அன்னைக்கு அவ சொன்னது சரி" என்றார். "நான் சொன்னது தப்பு. அவ பாட்டரியச் சாகவிடல. அவகிட்ட இதக் கொடுக்கணும்னுதான்..."

டோபின் தாளைக் கையில் எடுத்தான். அவன் அந்தத் தொழில் தெரிந்தவன் இல்லை. ஆனால் எண்களைப் படிக்கத் தெரியும். விரல் வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்தான். மறுபடி மேலே போனான்.

"ஒரு நாளத் தவிர எல்லாம் ஐம்பத்தெட்டுதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"முதல் நாளும் ஐம்பத்தெட்டு. கடைசி நாளும் ஐம்பத்தெட்டு."

"நிலைகொள்ள முப்பது நாள் விடணும். அது விதி. அவளுக்குத் தெரியும்."

"ஓரின்." டோபினின் குரல் உயரவில்லை. "அவ சொன்னது சரின்னு உங்களுக்கு என்னைக்குத் தெரியும்?"

ஓரின் பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் தாளில் இருப்பதை அவன் முழுசாகப் புரிந்துகொண்டிருக்கமாட்டான். ஆனால் வாழ்நாளில் ஒரு தப்பான தேதி எழுதியவர் இல்லை அவர்.

"ஜூன் பதினாலு. சாயங்காலம் ஆறு மணிக்கு."

டோபின் நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"சனிக்கிழமை" என்றான். "அன்னைக்கு அவ நல்லா இருந்தா. வெளியில உக்காந்து ஸ்ட்ராபெர்ரி கிள்ளிக்கிட்டிருந்தா. மறுநாள் அப்பாக்கள் தினம். அப்பாவுக்கு போன் பண்ணட்டுமான்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். அவரா வரட்டும், நீயா ஏன் இறங்கிப் போறேன்னேன்." அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான்தான் ஓரின், வேண்டாம்னேன்."

ஓரின் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போன் பண்ணி என்ன சொல்லணும்னு இருந்தா?" என்று கேட்டார். "பெட்டியப் பத்தியா?"

"பெட்டியா?" டோபின் அவரை நிமிர்ந்து பார்த்தான். "அவ அந்தப் பெட்டிய எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே வித்துட்டா. பெட்டியப் பத்தி ஒரு நாளும் பேசினதில்ல. போன் பண்ணியிருந்தா என்ன கேட்டிருப்பா? எப்படிப்பா இருக்கீங்கன்னு கேட்டிருப்பா."